பேனரில் இடம் கிடைக்காத சொல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் குணபூசணிக்கு உண்மையான அலைச்சல் ஆரம்பித்தது. கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒரு ஆயுசு முழுக்க மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, நின்று கால் நரம்பு சுருண்டது போதாதென்று, இப்போது நகராண்மைக் கழகத்தின் படிகளை ஏறி இறங்கி முழங்காலையும் தேய்த்துக்கொண்டாள். எந்த நகராண்மைக் கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லா இடத்திலும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே "அடுத்த வாரம் வாங்க"தான்.

அவள் கேட்டது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. கோயில் கமிட்டிக்காரர், கடைக்காரர், வாத்தியார் மாதிரி சாதாரண ஆட்களுக்கு ஒரு பயிற்சி. வாழ்க்கை வெறுத்துப்போனவரை எப்படி அடையாளம் காண்பது, அவரிடம் எப்படிப் பேசுவது, யாரிடம் கூட்டிக்கொண்டு போவது. வார்டில் இருந்த காலத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் அவள் கையில் வந்து விழுந்திருக்கிறார்கள். "வயித்து வலி மிஸ்ஸி" என்பார்கள் கூட வந்தவர்கள். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ். அதைவிடப் பெரிய பயம், வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கச்சியை எவனும் கட்டமாட்டான். பிழைத்தவரைத் துடைத்துச் சட்டை மாட்டி வீட்டுக்கு அனுப்பி வைப்பாள். வீட்டில் அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். சிலர் மறுபடியும் வந்தார்கள். சிலருக்கு வர நேரமே இருக்கவில்லை. அந்த ஆத்திரம் பென்ஷன் வாங்கியும் அவளுக்கு அடங்கவில்லை.

நகராண்மைக் கழகத்தில் சுகாதாரப் பிரிவு, இது சமூகநலம் என்றது. சமூகநலம், இது மாநில அரசாங்கம் என்று கையைக் கழுவியது. மாநில அரசாங்கம் இருக்கும் ஷா ஆலமுக்குப் போனால், உங்கள் ஊர்க் கவுன்சிலரைப் பாருங்கள் என்றார்கள். கால்வாய் அடைத்தால் மானியம் உண்டு, கொசு மருந்து அடிக்க உண்டு, பூப்பந்துக்குக்கூட உண்டு. மனசு அடைத்துக்கொண்டால் அது எந்தப் பிரிவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படியே இரண்டு பொதுத் தேர்தல் வந்து போனது. தொண்ணூறுகள் பிறந்தபிறகு, கவுன்சிலர் ஜெயராஜ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆன்டி, மானியம் அப்ரூவ் ஆயிருச்சி. ஆனா ஒண்ணே ஒண்ணு லா. தற்கொலைத் தடுப்புப் பயிற்சின்னு பேனர்ல போட முடியாது."

"ஏன் தம்பி? அதானே பயிற்சி?"

"தலைமை தாங்க வர்ற டத்தோ அதுக்குக் கீழ நிப்பாரா சொல்லுங்க? போட்டோ வேற எடுப்பாங்க. குத்துவிளக்கு ஏத்துற எடத்துல அந்த வார்த்தை எதுக்கு? 'மகிழ்ச்சியான குடும்பம்'னு போடுவோம். நல்லாருக்குல்ல?"

நன்றாக இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் களைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது நியாயத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு மினி பஸ் ஏறினாள்.

வீட்டில் அண்ணன் சிவகுருநாதன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நேசம்மா இறந்ததும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கச்சியோடு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வாசலைத் தாண்டினால் ஊர்ப் பேச்சுப் பேசுகிற இருவருக்கும் வீட்டுக்குள் இன்னும் யாழ்ப்பாணப் பேச்சுதான்.

"அண்ணை, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் பிள்ளை."

இதற்குமேல் அவர்கள் பேசுவது குறைந்துபோய் நாளாகிவிட்டது. அவர் யாருக்கும் தொந்தரவு இல்லாத மனிதர். கொஞ்ச காலமாகத் தன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் நேசம்மாவின் தம்பி மகனுக்குப் போனது. கோட்டும் தோல் பெட்டியும் கோயில் ஐயருக்கு. நேசம்மாவின் பட்டுச் சேலைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கோயிலில் அவரைப் பார்த்து மெச்சாதவர்கள் இல்லை. "பற்று விட்டுப்போச்சு. இந்த வயசிலே அப்படி ஒரு பக்குவம் யாருக்கு வரும்?" என்றார்கள். குணபூசணிக்கும் உள்ளூரப் பெருமைதான். சைவக் குடும்பத்தில் மூத்தவர் இப்படிக் கனிந்து நிற்பதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு இடத்தில் தானே அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

பயிற்சி நாள் காலையில், அவள் கிளம்பும்போது, தன் சிறிய ரேடியோவைக் கொண்டுவந்து அவள் கட்டில் தலைமாட்டில் வைத்தார். அந்த ரேடியோவில் செய்தி கேட்காமல் அவர் ஒருநாளும் கோப்பி குடித்ததில்லை.

"நீ வச்சிரு பிள்ளை. எனக்கு இனி என்னத்துக்கு?"

நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில், "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மகிழ்ச்சியான குடும்பம் என்றதும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். யாரோ வண்ணம் தீட்டும் போட்டி வேறு ஏற்பாடு செய்திருந்தார்கள். டத்தோ தாமதமாக வந்தார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. மானியம் போன வழி மேடையில் கண்கூடாகத் தெரிந்தது. எல்லாம் முடிந்து கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் பாலன் மைக்கைப் பிடித்தபோது, பின்வாசலில் பிரியாணி வந்து இறங்கிவிட்டது.

குணபூசணி பிரியாணிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். பாலன் பேசுவது அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"தூக்கம் கொறையும். பேச்சு கொறையும். ஆசையா வச்சிருந்த பொருள எல்லாம் மத்தவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிப்பாங்க. நம்ம ஆளுங்க அதப் பாத்து, ஆகா, பற்று விட்டுப்போச்சு, சாமியார் மாதிரி ஆயிட்டாருன்னு சந்தோஷப்படுவாங்க. தயவு செஞ்சி சந்தோஷப்படாதீங்க. கிட்டப் போய்க் கேளுங்க."

அவள் பிரியாணிக்காரரை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பினாள்.

"என்னான்னு கேக்கறது சார்?" என்றாள் முன் வரிசையில் இருந்த பரீதா, ஜவுளிக் கடைக்காரர் ஜெய்னுதீனின் மனைவி.

"சாகணும்னு நெனைக்கிறீங்களான்னு, அப்படியே கேளுங்க."

"அல்லாவே, இத எப்படி வாயால கேக்கறது? கேட்டா அதுவே பலிச்சிடாது?"

"கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வராதுங்க. ஏற்கனவே இருக்கறவங்களுக்கு மூச்சு விட எடம் கெடைக்கும்."

பாலன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பழகச் சொன்னார். மண்டபத்தில் ஒருவர் வாயும் அசையவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குணபூசணி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஜெயராஜ் பின்னாலேயே வந்தார்.

"ஆன்டி, எங்க போறீங்க? குரூப் போட்டோ எடுக்கணும்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்சி ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது. எத்தனை பேரைத் துடைத்துவிட்டவள், தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பெருமையோடு. கடவுளே, நான் வீடு போய்ச் சேரும்வரை அவர் உயிரோடு இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

கேட் பூட்டியிருந்தது. கைப்பையைக் கொட்டிச் சாவியை எடுத்தாள். கதவைத் தள்ளினால் அவர் ஹாலில் அதே நாற்காலியில் இருந்தார். குளித்து, சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார்.

"என்ன பிள்ளை, கூட்டம் முடிஞ்சுதோ?"

அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சாப்பிட்டாச்சோ அண்ணை?" என்றுதான் முதலில் வந்தது. அவர் வழக்கம்போல ஓம் என்றார். மேசையில் அவள் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது.

"அண்ணை. நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களோ?"

சொல்லிவிட்டாள். சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை. வெளியே ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "நேசம்மா போன நாள் தொட்டு எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டுதான் கேக்கினம்."

பிறகு அழுதார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயிற்று வலி என்று சொல்லவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. மாத்திரை, டாக்டர், நல்ல நாள், கெட்ட நாள் என்று இழுத்துக்கொண்டு போனது. ரேடியோவை மட்டும் அவள் அவர் மேசையிலேயே திருப்பி வைத்துவிட்டாள். பல வாரம் அது சும்மா கிடந்தது.

அடுத்த ஆண்டு மானியத்துக்குப் போனபோது, பேனரில் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்றாள். ஜெயராஜ் தலையைச் சொறிந்தார்.

"அப்படின்னா கஷ்டம் லா ஆன்டி."

"கஷ்டமாவே இருக்கட்டும் தம்பி."

மானியம் வரவில்லை. பூப்பந்துக்குப் போயிருக்கும். பயிற்சி ஜெய்னுதீன் கடை மாடியில், துணிக் கட்டுகளுக்கு நடுவே நடந்தது. மேடை இல்லை, பொன்னாடை இல்லை, பிரியாணி இல்லை. ஆகவே கூட்டமும் இல்லை. விரல் விட்டு எண்ணிவிடலாம். பாலன் மறுபடியும், கேட்டுப் பழகுங்கள் என்றார். மறுபடியும் ஒருவர் வாயும் அசையவில்லை. குணபூசணி சலிப்போடு கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவரோரம் இருந்த சிவகுருநாதன் எழுந்து, நாற்காலியை நடுவில் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

"என்னட்டக் கேட்டுப் பழகுங்கோ" என்றார்.

பரீதா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தாள்.

"அங்கிள், சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"இண்டைக்கு இல்லைப் பிள்ளை" என்றார். "நாளைக்கும் வந்து கேள்."