எத்தனை நாளா இருக்கு?

மதுரையில் எடுத்த இதயப் படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். இராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்த என் கணவர் லீவு போட்டு உடன் வந்திருந்தார். என் நெஞ்சு அன்றும் தாறுமாறாகத்தான் அடித்தது. நாலு துடிப்பு ஓடும், ஒன்று நிற்கும், பிறகு திடுக்கென்று இடிக்கும்.

உங்களுக்கும் இதே கோளாறு என்றால், படம் எடுப்பதற்குப் பயப்படாதீர்கள். எலெக்ட்ரோகார்டியோகிராம் (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாகப் பதியும் படம்) என்று பெயர்தான் பெரிது. இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். ஊறுகாய் போல ஊறினேன், அவ்வளவுதான். பயமெல்லாம் அதை ஒருவர் படிக்கும்போதுதான்.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்றார்.

"குயினிடின் (சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து) கொடுத்தா சிலருக்குத் தாளம் திரும்பிரும். எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா இருக்கும்மா," என்றேன்.

பொய். ஆறு வருஷம். கல்யாணம் பேசும்போதே இருந்தது. "ஏட்டி, வாயத் தொறக்காத. நெஞ்சு நோவுக்காரின்னு தெரிஞ்சா ஒருத்தனும் கட்ட மாட்டான்," என்று அம்மா அடக்கிவிட்டாள். வேதக்கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் கேட்டபோதெல்லாம் என் நெஞ்சு மட்டும்தான் எழுந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா படத்தை மேஜையில் வைத்தார். "அலையெல்லாம் ரொம்பப் பொடிசா இருக்கு. நாள்பட்டதுலதான் இப்படி வரும். ஆனா கோட்டை மட்டும் பார்த்து முடிவு பண்ண மாட்டேன். நாள்பட்டதுன்னா மருந்து பிடிக்காது. உள்ள ரத்தம் உறைஞ்சு கிடந்தா, தாளம் திரும்பற நேரத்துல அது கிளம்பி மூளையை அடைச்சிரும். யோசிச்சுச் சொல்லு."

சொன்னால் வாழ்வு போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். என் கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். பாவி, அப்போதும் எது பரவாயில்லை என்றுதான் கணக்குப் போட்டேன்.

"ஆறு வருசம்," என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாலயே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். டாக்டரம்மா குயினிடினை விட்டுவிட்டு டிஜிட்டாலிஸ் (துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் இலை மருந்து) எழுதினார். தாளம் இனித் திரும்பாது, ஓட்டம் மட்டுப்படும் என்றார்.

பஸ்ஸுக்கு அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பிடிக்க முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டேன். இப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று அவர் முதுகையே பார்த்தேன். திரும்பி வந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"எங்கம்மாகிட்ட ரெண்டு மாசம்னே இருக்கட்டும்," என்றார். "செத்த நேரம் உக்காரு. பொறவு போவோம்."

அந்தக் கோபம் ஆற வெகுகாலம் ஆயிற்று. நெஞ்சு இன்றும் தாளம் தப்பித்தான் அடிக்கிறது. முன்பெல்லாம் வேகம் கூடினால் விறகெடுக்கப் போவதுபோலக் கொல்லைக்குப் போய், அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நிமிஷம் ஒரு நாளாக நீளும். இப்போது அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.