க்ரெபஸ்குலரும் என் வயிற்றெரிச்சலும்

இந்த ஊரில் தேநீர் கொடுத்தால் ‘லவ்லி’ என்கிறார்கள். மாத்திரை கொடுத்தாலும் லவ்லி, போர்வையை இழுத்துவிட்டாலும் லவ்லி. மூன்று நாளாக மழை கொட்டினால்கூட ‘வாத்துகளுக்கு லவ்லி’ என்று சிரிக்கிறார்கள். வட இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரைப் பற்றியும் நோட்டில் குறிப்பு எழுத வேண்டும். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், அவ்வளவுதான். அலங்காரமாக எதுவும் எழுதாதே, அடுத்து வருகிறவருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். ஆங்கிலேயர் நாட்டில் வாழ்ந்து என் ஆங்கிலம் ஒரு கைப்பிடிக்குள் சுருங்கிப்போனது இப்படித்தான்.

என் தங்கை சுகந்தி விஷயம் வேறு. என்னை வழியனுப்ப வந்ததைத் தவிர திருச்சி விமான நிலையத்துப் பக்கம்கூடப் போகாதவள். கே.கே. நகரில் வீட்டு மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் நர்ஸ் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறாள். தினமும் போர்டின் மூலையில் யாரும் கேள்விப்படாத ஒரு வார்த்தையை எழுதுவாள். வெட்டியாகத் திரிவதற்கு ‘லாலிகேக்’. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டினால் ‘கெர்ஃபஃபிள்’. லொடலொடவென்று பேசுகிறவளுக்கு ‘ஃப்ளிபர்ட்டிஜிபெட்’. எழுதியதும் அதைப் படம் பிடித்து என் மகள் தாரிணிக்கு அனுப்புவாள். பன்னிரண்டு வயது தாரிணி பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சித்திக்கு போன் போடுவாள். கால் மணி நேரம் ஒரே சிரிப்பு. அப்புறம் சமையலறைக்கு வந்து, “அம்மா, டின்னர் என்ன?” என்பாள். எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்றப் போவதில்லை. பெற்றவள் நான், பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் நான், கொஞ்சலும் குலாவலும் அவளுக்கா? பற்றிக்கொண்டு வந்தது. அவள் தாரிணிக்கு அனுப்பும் வார்த்தைகளை மகளின் போனிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்து, இடைவேளையில் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு மாலை, எங்கள் இல்லத்தில் இருக்கும் டோரத்தி என்ற பாட்டியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இதுதான் சமயம் என்று, “வானம் எவ்வளவு க்ரெபஸ்குலராக இருக்கிறது பாருங்கள்” என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். அந்தி மங்கலைச் சொல்லும் வார்த்தை அது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “அது உன் பாஷையா கண்ணு? ரொம்ப அழகா இருக்கு. இன்னொரு தடவை சொல்லு” என்றார். நானும் வெட்கமில்லாமல் இன்னொரு தடவை சொன்னேன்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. தாரிணியும் சுகந்தியும் தண்ணீரில் கால் நனைத்தபடி நின்றார்கள். மூன்று பேர் செருப்பையும் அர்ச்சனைக் கூடையையும் பிடித்துக்கொண்டு நான் மேல்படியில்.

“சித்தி, இப்ப வானத்தைப் பாருங்க. க்ரெபஸ்குலர்!”

“அடி என் செல்லமே! எவ்வளவு கரெக்டா சொல்ற!”

இருவரும் கட்டிக்கொண்டார்கள். அதே வார்த்தைதான். அதனால் எனக்கு என்ன கிடைத்தது, சுகந்திக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கையிலிருந்த செருப்பை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது. காவேரி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சுகந்தி என்னைத் தன் வகுப்புக்குக் கூட்டிப்போனாள். “எங்க அக்கா. இங்கிலாந்துலயே பதினோரு வருஷம். என்ன வேணும்னாலும் கேளுங்க” என்று பெருமையாக அறிமுகப்படுத்தினாள். பெருமைதான், அதில் சந்தேகமில்லை. முசிறியிலிருந்து வரும் ஒரு பெண் போர்டின் மூலையைக் காட்டி, “இந்த மாதிரி வார்த்தையெல்லாம் அங்க பேசுவாங்களாக்கா?” என்று கேட்டாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். “ஒருத்தரும் பேச மாட்டாங்கம்மா. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூட என் காதுல விழுந்ததில்ல” என்றேன். அதோடும் விடவில்லை. டோரத்தி கதையை அபிநயத்தோடு சொன்னேன். “இங்கிலீஷ்காரப் பாட்டிக்கே அது தமிழா தெரிஞ்சுது!” என்றதும் மாடியே சிரித்தது. சுகந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போர்டின் மூலையை மட்டும் துணியால் துடைத்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தாரிணி சிரிக்கவில்லை. திருவெறும்பூரில் என் அப்பா வீட்டுக்குப் போகும் வரை ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க?” என்றேன். “நீ வேணும்னேதான் சொன்ன” என்றாள்.

இங்கே திரும்பிய பிறகு சித்தியிடமிருந்து வார்த்தை வரவில்லை. தாரிணி பள்ளி விட்டு வந்து போனைப் பார்ப்பாள், கீழே வைப்பாள், அறைக்குள் போய்விடுவாள். அந்தக் கால் மணி நேரம் ஒருவழியாக எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. “சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா?” இரண்டு கேள்வியோடு என் சரக்கு தீர்ந்துவிடும்.

மூன்றாம் வாரம் சுகந்தி எனக்கே போன் செய்தாள். “கோவம்லாம் இல்லக்கா. வருத்தம்தான், அது போகட்டும். அங்க நெஜமா எப்படிப் பேசுவாங்கன்னு பொண்ணுங்க கேட்டு உயிரை எடுக்குதுங்க. நீயே தினம் ஒண்ணு அனுப்பேன்.” குற்ற உணர்ச்சியில் சரி என்றேன். காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிகிறது, அந்தக் கைப்பிடிக்கு வெளியே எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது என்று! தொண்டை வறண்டால் ‘பார்ச்ட்’. முகம் வெளுத்து ஆள் ஒரு மாதிரி இருந்தால் ‘பீக்கி’. முழங்கால் படுத்தினால், கால் எனக்கு ‘ஜிப்’ கொடுக்கிறது என்பார்கள். இத்தனை வருடம் கவனித்துக் கேட்காமலே பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இடைவேளையில் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். வெறும் வார்த்தையை எப்படி அனுப்புவது? டோரத்தி ‘ஜிப்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து எனக்கு நடனம் ஆடிக் காட்டியது, முதல் குளிர்காலத்தில் நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதது எல்லாம் கூடவே வந்து விழுந்தன.

நேற்று சமைத்துக்கொண்டிருந்தபோது தாரிணியின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பல வாரம் கழித்துக் கேட்கும் சிரிப்பு. ஆகா, சித்தி மறுபடியும் வந்துவிட்டாள் என்று வயிறு பழையபடி எரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே போய் ஒட்டுக்கேட்டேன். உள்ளே ஒரு பெண் திருச்சித் தமிழில் மூச்சுவிடாமல் டோரத்தியின் நடனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுகந்திக்கு அனுப்பிய என் குரல்தான். சுகந்தி அதைத் தாரிணிக்கு அனுப்பியிருக்கிறாள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். நான் கரண்டியோடு வெளியே நின்றேன். கே.கே. நகர் வரை போய் என் மகளிடம் திரும்பி வந்திருந்த அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.