தராசில் ஏறிய நெய்ப்பாயசம்

என் எடை எண்பத்தொன்று புள்ளி நான்கில் வந்து நின்றது விருச்சிக மாதத்தின், தமிழில் கார்த்திகையின், முதல் வாரம். அதன்பிறகு அசையவில்லை. ஓணம் கழிந்த திங்கட்கிழமை தின்பதையெல்லாம் எழுதிவைக்கும் கலோரிக் கணக்கைத் தொடங்கியிருந்தேன். வாரத்துக்கு அரைக்கிலோ என்று ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது, விருச்சிகம் பிறந்ததும் நின்றுவிட்டது.

வெறும் அழகுக்காக இதில் இறங்கவில்லை. மகரம், அதாவது தை, முடிவதற்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை, அப்போதும் சர்க்கரை இறங்காவிட்டால் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் அப்பா அந்த மாத்திரையை ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கினார். எனக்கு ஐம்பத்தொன்று. இந்த ஒரு விஷயத்தில் அவரை முந்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

எடை நின்றுபோனவனிடம் ஊரே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: எழுதாமல் ஏதாவது தின்கிறாயா? கழக்கூட்டம் என்ற புறநகரில் இருக்கும் என் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். பெங்களூரிலிருந்து மகள் அக்கறையோடு கேட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் போட ரோட்டைத் தோண்டியது எந்த வாரம், மூடியது எந்த வருஷம் என்று அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அப்படி நாள் நாளாக எழுதி வைக்கிறவன் ஒரு தோசையை மறைப்பேனா? தோசைக்கல்லில் தடவிய எண்ணெயைக்கூட எழுதியவன் நான். அவியலில் போடும் தேங்காயைத் துருவும்போதே நிறுத்து எழுதியிருக்கிறேன்.

மழையால் மாலை நடை குறைந்ததுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு எடை காட்டும் கருவியைச் சந்தேகித்து, புது பேட்டரி போட்டேன். அது அதே எண்பத்தொன்று புள்ளி நான்கைக் காட்டியது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். நான் நீட்டிய கணக்குத் தாள்களை அவள் வாங்கிப் பார்க்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை காலை எழுந்தது முதல் ராத்திரி படுத்தது வரை வாயால் சொல்லச் சொன்னாள். எனக்கா கஷ்டம்? காலைக் காப்பியில் தொடங்கி, இரண்டு இட்லி, பைபாஸ் நெரிசலில் பஸ், மத்தியான மோர்ச்சாதம், திரும்பி எங்கள் நிறுத்தமான பழவங்காடியில் இறங்கியது, தெருக்கோடிக் கோயில், பிரசாதம், ராத்திரிச் சப்பாத்தி என்று வரிசையாகச் சொன்னேன்.

"பிரசாதம்னா என்ன சாரே? சந்தனமா?"

"நெய்ப்பாயசம்."

"அது எழுதினீங்களா?"

"அது சாப்பாடு இல்லையே," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஏகாதசிப் பட்டினியில்கூடப் பிரசாதம் கணக்கில் வராது. பிரசாதத்தைச் சாப்பிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை, எடுத்துக்கொண்டோம் என்றுதான் சொல்வோம். ஐம்பது வருஷம் அப்படிப் பேசியவனுக்கு அது நெய்யும் வெல்லமும் அரிசியுமாகத் தோன்றவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். என் எடை இறங்கிய சந்தோஷத்தில் என் மனைவி மண்டல காலம் தொடங்கிய விருச்சிகம் முதல் தேதியன்று கோயிலில் சீட்டு எடுத்து என் பேரில் ஒரு நெய்ப்பாயச வழிபாடு நடத்தினாள். எடை நின்றதும் பயந்துபோய் வெள்ளிக்கிழமைகளிலும் ஏற்பாடு செய்தாள். அப்புறம் செவ்வாயும் சேர்ந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்வாள். மீதியைக் கொட்டக்கூடாது என்பதால் தூக்குப் பாத்திரத்தில் இருந்ததை மறுநாளும் நானே தீர்ப்பேன். என் எடை குறைய வேண்டும் என்று நேர்ந்த பாயசத்தை நானே தின்று என் எடையை நிறுத்தி வைத்திருந்தேன்.

வழிபாட்டை நிறுத்திவிடுங்கள் என்றுதான் அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த செவ்வாய் தூக்கு வந்ததும் சமையலறைத் தராசை எடுத்து மேடையில் வைத்தேன். என் கிண்ணத்தை அதன்மேல் வைக்கப் போனபோது மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, பகவானுக்கு நைவேத்யம் பண்ணினதை யாராவது நிறுத்துப் பார்ப்பாளா?"

"நான் பார்ப்பேன்."

"அப்படியொண்ணும் அளந்து சாப்பிட வேண்டாம். நான் வழிபாட்டையே நிறுத்திடறேன்."

"நீ நிறுத்தவும் கூடாது, நான் எழுதாம இருக்கவும் கூடாது. பாயசம் வரட்டும். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சப்பாத்தி வேண்டாம்."

அவள் என் கையை விட்டாள். பிறகு வாழை இலையில் ஒரு துண்டு கிள்ளித் தராசின் மேல் போட்டாள். பிரசாதக் கிண்ணம் வெறும் தட்டில் படக்கூடாதாம். இலையோடு கிண்ணத்தையும் சேர்த்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சின்னக் கரண்டிப் பாயசத்தை நிறுத்து எழுதினேன். மீதித் தூக்கு அன்றே பக்கத்து வீடுகளுக்குப் போனது. அந்த ராத்திரி அவள் தனக்கு மட்டும் சப்பாத்தி போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே இலைத் துண்டு தயாராக இருந்தது.

இதற்குப் பிறகு எடை மளமளவென்று சரிந்தது என்று எழுத ஆசைதான். சரியவில்லை. முதல் வாரம் கால் கிலோ இறங்கியது, மறு வாரம் அதுவும் திரும்பி வந்தது. ஆலோசனைப் பெண் போனில், தினமும் இன்னும் இருநூறு கலோரி குறைக்கலாம் என்றாள். இளைத்த உடம்புக்குத் தேவையும் குறையும் என்று அவள் சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் மத்தியானச் சோற்றில் ஒரு பருக்கைகூட இனி விட்டுத்தர மாட்டேன் என்றேன். மூன்று மணிக்குப் பசியில் தவிக்கிறவன் ஆபீஸில் மற்றவர் கணக்கைப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக பழவங்காடிக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கத் தொடங்கினேன்.

மகரக் கடைசியில் ரத்தம் கொடுத்தேன். எடை எண்பத்தொன்று. சர்க்கரை இறங்கியிருந்தது, ஆனால் டாக்டர் சொன்ன கோட்டுக்கு மேலேயே நின்றது. அவர் சீட்டில் மாத்திரை எழுதினார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"இதை எப்போ நிறுத்தலாம்?"

"இப்பத்தான் தொடங்கறோம் சாரே. எல்லாரும் முதல் நாள் இதுதான் கேப்பாங்க."

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். வெளியே காத்திருந்த மனைவி சீட்டைப் பார்த்ததும் முகம் வாடினாள். அத்தனை பாயசமும் வீண்தானா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குச் சீட்டு எடுத்தாயா என்று நான்தான் கேட்டேன். இல்லை என்றாள். எடுத்துவிட்டே வீட்டுக்குப் போகலாம் என்று கோயில் பக்கம் திரும்பினேன்.

அப்பாவைவிட ஒரு வருஷம் முன்னால் தொடங்கியிருக்கிறேன், சரி. அவர் அந்த மாத்திரையைக் கடைசிவரை விழுங்கினார். நான் அன்று ராத்திரி முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பாட்டுக் கணக்கில் தேதி போட்டு அதையும் எழுதினேன்: மாத்திரை ஒன்று, கலோரி பூஜ்யம்.