தறி ஓடும்போது கேட்ட ஆல்பம்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் நான், சேலத்துப் பையன்கள் நால்வரின் ராக் இசைக்குழுவுக்குப் பரம ரசிகை. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் டிரம்ஸ், எட்டுத் தறிகளின் இரைச்சலையும் மீறிக் காதில் அறையும்.

இரண்டாவது ஆல்பம் வந்த அன்று காலை, வேலை செய்துகொண்டே இயர்போனில் கேட்டேன். வெறும் முணுமுணுப்பு. ஆத்திரத்தில் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், "பாடகருக்குத் தொண்டை போயிருச்சு, யாரும் கேக்காதீங்க" என்று எழுதிவிட்டேன். பலரும் ஆமாம் போட்டார்கள். குரூப்பில் இருந்த பாடகர் அதிலிருந்து வெளியேறினார்.

மதியம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. காதில் ஓடிக்கொண்டிருந்த அதே பாட்டில், கிட்டார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. அத்தனை மெதுவாக, அத்தனை அழகாகப் பாடியிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பக்கத்துத் தறி ராணியக்காவிடம் சொன்னேன். "தறி ஓடறப்ப நான் கத்திக் கூப்புட்டாலே உனக்குக் கேக்காது. இதுல பாட்டுக்குத் தீர்ப்பு வேறயா சாமி?" என்றார்.

உடனே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க நாங்க கேக்கவே இல்ல" என்று பதில்கள் வந்தன. கேட்காமலேயே ஆமாம் போட்டிருக்கிறார்கள்!

இப்போதெல்லாம் புதுப் பாட்டைத் தறி நின்ற பிறகே கேட்கிறேன். பாடகர் குரூப்புக்குத் திரும்பிவிட்டாரா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.