நடராசன் சார் கட்டாமல் விட்ட மாடி

வகுப்பு முடிந்து வராந்தாவில் வந்துகொண்டிருந்தபோது பழனி போன் செய்தார். "மேடம், நடராசன் சார் தவறிட்டாரு. காலைல நடந்துகினு இருந்தவரு அப்டியே ஒக்காந்துட்டாராம்." பழனி கள்ளக்குறிச்சியில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிறவர். ஒரு காலத்தில் எங்கள் இயற்கை மன்றத்தில் இருந்தார். கேன் தண்ணீர் விற்கிறவர் மன்றத்தின் மேடையில் ஏறக்கூடாது என்று நடராசன் சார் சொன்னதால் விலகிப் போனவர். அந்தப் பழனிதான் எனக்குச் செய்தி சொன்னார்.

நான் போனபோது வீட்டு வாசலில் ஷாமியானா கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாகத் தண்ணீர் கேன்கள், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர் அடுக்கு. எல்லாம் பழனி கொண்டுவந்தவை. நான் டம்ளரைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார். "வேற எதுல ஊத்தறது மேடம், இவ்ளோ ஜனம் வருது. சார் எழுந்தாருன்னா மொதல்ல என்னத்தான் திட்டுவாரு" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாரை அறிந்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தவர். நான் கல்லூரியில் தாவரவியல். அவர் என்னைவிட மூத்தவர் என்றாலும் கடைசிவரை "மேடம்" என்றுதான் அழைத்தார். எங்கே போனாலும் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ஒருமுறை மன்றத்தினர் கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் போயிருந்தோம். வெயில். உடன் வந்த ஒருவர் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சார் அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் வாங்கவில்லை. தன் டம்ளரை நீட்டி அதில் ஊற்றச் சொல்லிக் குடித்தார்.

"இப்ப மட்டும் அது வேற தண்ணியா சார்?" என்று கேட்டேன்.

"தண்ணி அதேதான் மேடம். கை வேற" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"சொல்றவன் வூட்டைத்தான் மொதல்ல வந்து பாப்பாங்க" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. பழனியை மேடையை விட்டு இறக்கியபோதும் இதைத்தான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொல்கிறவரின் வீட்டைப் பார்த்துவிட்டா ஒரு செய்தி உண்மை என்று முடிவு செய்வது? நான் அப்படிப் பழக்கப்பட்டவள் இல்லை. ஸ்கூட்டரில் போகிற, குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிற எனக்கு இது வசதியான வாதம் என்பதும் தெரியும்.

மழை வந்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் போவார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். மலையடிவாரத்தில் ஆனைப்பாறை என்ற குன்று இருந்ததே, அதைச் சுற்றிவருவார். எந்தச் சரிவில் விழும் தண்ணீர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது, எங்கே மண்ணுக்குள் போகிறது, எந்த ஓடை வழியாக ஏரிக்கு வந்து சேருகிறது என்று வருடக்கணக்கில் மழையில் நின்று பார்த்தவர். ஆனைப்பாறையில் கல்குவாரி வரப்போகிறது என்று தெரிந்தபோது, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றி அவர் பேசுவது, செடிகொடிகளைப் பற்றி நான் பேசுவது என்று முடிவு செய்தோம். ஏரிக்குத் தண்ணீர் போகும் வழியைச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. அந்த ஏரியை நம்பித்தான் கீழே நெல் நடுகிறார்கள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் முதலில் பேசினேன். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். அடுத்து சார் மைக்கைப் பிடித்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்து ஒரு லாரிக்காரர் எழுந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்விங்க. உங்க வூட்டு வாசல்ல நேத்து ஒரு லோடு ஜல்லி எறங்குச்சே, அது இன்னா ஆகாசத்துலேர்ந்து வந்துச்சுங்களா?"

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

"நாங்க ஒடச்சா மலை போச்சுன்றீங்க. நீங்க வாங்குனா மட்டும் வூடாவுதா? சொல்லுங்க சார், இதுவரைக்கும் மேல எழுப்புன தூணு எந்த மலைங்க?"

அந்த நாட்களில் சார் மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். கணவனை இழந்த மகள் குழந்தையோடு வந்துவிட்டாள். இருந்தது ஒரே படுக்கையறை. கட்டாமல் என்ன செய்வார்? அதையே அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க கேக்கறது நியாயம்" என்றார். மைக்கை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பேசுங்க சார்" என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அன்றைக்கு யாரும் பேசவில்லை.

குவாரிக்கு அனுமதி கிடைத்தது. அவர் பேசியிருந்தால் நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பேசியிருந்தால் ஏரிக்காகப் பேசியதாவது பதிவாகியிருக்கும். பேசாததால் அந்த ஏரி தோற்றதாகக்கூடக் கணக்கில் வரவில்லை.

அவர் மாடி வேலையை நிறுத்தினார். இறக்கிய ஜல்லியைப் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்குக் கொடுத்துவிட்டார். படிக்கட்டு மட்டும் முடிந்திருந்தது. ஏறிப் போனால் நான்கு அரைத்தூண்கள், அவற்றின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். அவருடைய மனைவி சரசு அக்கா அந்தக் கம்பிகளில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார். மகளும் குழந்தையும் ஹாலில் படுத்தார்கள். விருந்தாளி யாராவது வந்தால் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் அவரிடம் கேட்டேன். "ஆனைப்பாறையில பெய்ற மழை நீங்க மாடி கட்டினாலும் அந்த ஏரிக்குத்தான் போகும், கட்டாட்டாலும் அங்கதான் போகும். உங்க வீட்டுக்கும் அந்த உண்மைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அது உங்களுக்கு மேடம். அவன் எதிர்ல நின்னு கேட்டான். அவன் மூஞ்சியப் பாத்து நான் பதில் சொல்ல முடியணும் இல்ல?"

"அதுக்கு அக்காவும் பொண்ணும் என்ன பண்ணாங்க?"

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காதான் பதில் சொன்னார். "நல்லா கேளும்மா. இவரு ரோஷத்துக்கு நாங்க ஹால்ல படுத்துக்கினு கீறோம். மலையும் போச்சு, மாடியும் போச்சு." சார் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரைத் துடைத்தார்.

குவாரியில் மதியத்தில் வெடி வைப்பார்கள். சார் வீடு இருக்கும் கள்ளக்குறிச்சிக்குக் கேட்காது. ஆனால் சார் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்துவார். கடைசி வருடங்களில் மழை வந்தாலும் குடையை எடுக்கவில்லை.

காரியத்தன்று எல்லோரும் போன பிறகு அக்கா என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். கம்பிகள் துருப்பிடித்துச் சிவந்திருந்தன. "மேல கட்டலாம்னு இருக்கேன்மா. பேத்தி வளந்துட்டா. அவரு இருந்தா வுட மாட்டாரு. நீ இன்னா சொல்ற?"

"கட்டுங்கக்கா."

"ஜல்லி அந்தப் பாறையிலேர்ந்துதான் வரும். பக்கத்துல வேற ஏது?"

"தெரியும்கா."

அக்கா கயிற்றிலிருந்து சாரின் வேட்டியை எடுத்து மடித்தார். "அப்ப அவரு இன்னாத்துக்கும்மா இத்தினி வருசம்..." என்று ஆரம்பித்தவர், மடித்த வேட்டியோடு படியிறங்கினார்.

அடுத்த குன்றுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பழனி சொல்கிறார். மீண்டும் ஒரு மண்டபம், ஒரு மைக். சார் மழையில் பார்த்ததையெல்லாம் நான் பார்த்ததில்லை. நடந்த வழிகளில் அவர் போகிறபோக்கில் காட்டிய சில ஓடைகளை மட்டும் தெரியும். அதை நான் சொல்ல எழுவேன். யாராவது என் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். பழனியும் பேச வருகிறேன் என்றிருக்கிறார். அவரிடம் கேனைப் பற்றிக் கேட்பார்கள்.

சாருடைய டம்ளரை எடுத்துக்கொள்ளும்படி அக்கா சொன்னார். எனக்கு அந்தத் தகுதி இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நீங்க கேக்கறது நியாயம்" என்று அன்றைக்கு அவர் சொன்ன வார்த்தையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லிவிட்டு, உட்காராமல் இருக்க வேண்டும்.