அப்பாவின் டேப்லெட்டைத் திறந்த முரளி அண்ணே

முரளி அண்ணே போய்விட்டார். முந்தாநாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே அவருடைய போன் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில். போன், டேப்லெட், கேம் மெஷின், எதைக் கொடுத்தாலும் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து நமக்கு வேண்டிய ஆப்பைப் போட்டுக் கொடுப்பார்.

ஆனால் லேசில் தொட மாட்டார். முதலில் மெஷினைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கடைசியா எடுத்த போட்டோ என்னா, சொல்லுங்க," என்பார். சரியாகச் சொன்னால்தான் அது உங்களுடையது. திருட்டுச் சாமானைத் திறந்துவிடக் கூடாதாம்.

நான் முதலில் போன அன்று எனக்கு முன்னால் ஒருத்தர் பொண்டாட்டியோடு நின்றார். கேள்வியைக் கேட்டதும், "பரவால்ல பாஸ், அப்புறம் வரேன்," என்று போனை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். பின்னாலேயே அந்த அக்காவும், வேகமாக... அண்ணே என்னைப் பார்த்து, "போன் அவருதுதான் லா," என்றார்.

நான் போனது அப்பாவுக்காக. கிள்ளானில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பரிசம். தட்டு மாற்றும்போது, பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று பெண்ணின் அப்பா சொல்ல வேண்டும். "நான் சொல்லிடறேன் தம்பி, நீ சும்மா உக்காரு," என்று பெரியப்பா ரெடியாகிவிட்டார்.

அப்பா நோட்டில் பெரிதாக எழுதிக் காட்டினார். 'என் மக. நான்தான் சொல்வேன்.' காட்டிவிட்டு நோட்டைத் தூக்கி எறிந்தார். குரல் போனதே தவிர கோபம் போகவில்லை.

தமிழில் தட்டினால் வாய்விட்டுப் பேசுகிற ஆப் ஒன்று இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் செய்து சும்மா கொடுத்தது. என் போனில் போட்டுக் கொடுத்தேன், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்.

வீட்டில் பெரிய டேப்லெட் இருந்தது, இன்டர்நெட் பேக்கேஜோடு வந்தது. அதில் கம்பெனி கொடுத்த ஆப் தவிர வேறு எதுவும் உள்ளே போகாது. மூன்று கடையில் கேட்டேன், மூன்றிலும் முடியாது என்றார்கள். அப்புறம்தான் முரளி அண்ணே.

கூட வந்த அப்பாவையும் விடவில்லை, அதே போட்டோ கேள்வி. அப்பா எழுதினார்: 'என் கால். தெரியாம அமுக்கிட்டேன்.' திறந்து பார்த்தால்... கால்தான்.

அண்ணே கேபிளை மாட்டிவிட்டு, டேப்லெட் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். எந்த மெஷினானாலும் அவருக்கு அது கட்டாயம். பாதியில் நின்றால் மெஷின் செத்துப்போகும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

அப்பாவுக்கு எலுமிச்சம்பழம் என்றால் ஒன்றுதான் தெரியும். புது லோரி எடுத்தால் டயருக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும். அண்ணே அதை மறந்துவிட்டார் என்று நினைத்து, பழத்தை டேப்லெட்டுக்கு அடியில் வைத்து இரண்டு கையாலும் ஒரு அமுக்கு...

நான் தடுப்பதற்குள் சாறு கேபிள் ஓட்டை வழியாக உள்ளே போய், திரை கறுத்துவிட்டது. பரிசத்துக்கு எட்டே நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணே வந்தார். டேப்லெட்டை எடுத்து மோந்து பார்த்தார். "அங்கிள், இதுக்கு டயர் இல்ல அங்கிள்," என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

அப்பாவும் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ரிப்பேர் பண்ணித் தருவதாக அண்ணே வைத்துக்கொண்ட டேப்லெட் பரிசத்தன்று காலை வரை வரவில்லை. பெரியப்பா கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு, கொமுட்டர் ரயில் பிடித்து, வியர்வையோடு முரளி அண்ணே வந்து நின்றார். துண்டில் சுற்றிய டேப்லெட்டை அப்பா கையில் கொடுத்து, "எல்லாம் ஓகே அங்கிள். ஆம்பள குரல்தான் கிடைக்கல, கோச்சுக்காதீங்க," என்றார்.

அப்பா ஒற்றை விரலால் தட்டி முடிக்கும்வரை வீடே காத்திருந்தது. பிறகு ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல்.

"என் மகளை உங்கள் வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதம். அவளுக்குக் காலையில் டீ இல்லாவிட்டால் கோபம் வரும்."

"சம்பந்தி குரலு இனிமையா இருக்கு லா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவ்வளவுதான், வீடே சிரித்தது. என் மேக்கப் மொத்தமும் போனது. பெரியப்பா முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து அப்பா வாராவாரம் பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவார். இரண்டு பேரும் லோரிக்காரக் கெட்ட வார்த்தையாகத் தட்டி, அந்தப் பெண் குரலில் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். பூக்கடை அக்கா திட்டுவார்.

நேற்று அடக்கத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். பெட்டி பக்கத்தில் நின்று டேப்லெட்டை எடுத்தார். சுற்றி எல்லாரும் அழுகிற இடத்தில் அந்தச் செய்தி வாசிக்கிற குரல் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பப் பைக்குள் வைக்கப் போனார்.

முரளி அண்ணனின் மனைவி லதா அக்காதான் கையைப் பிடித்தார். "பேசுங்க அங்கிள். அவருக்கு உங்க குரல் தெரியும்."

அப்பா தட்டினார். "தம்பி முரளி, நான் வந்திருக்கேன்."

பத்திரமாப் போங்க அண்ணே...