நீல லிட்மஸ் தாள்

ஆக்ஸாலிக் அமிலம் என் வாய்க்குள் வந்த அன்று என் மகனுக்கு ஐந்து மாதம். பி.எஸ்ஸி. முதலாண்டு வேதியியல் செய்முறைத் தேர்வு. அப்போதெல்லாம் பிப்பெட் என்னும் கண்ணாடிக் குழாயில் கரைசலை வாயால்தான் உறிஞ்சுவோம். பீக்கரில் கரைசல் குறைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிப்பெட்டின் நுனி கரைசலை விட்டு மேலே வந்துவிட, உள்ளே இருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் வாய்க்கு ஏறியது.

புளிப்பு. தொட்டியில் துப்பினேன். வாயைக் கொப்பளித்தேன். கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கியதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். “இன்னாடி, காலையில டீ குடிக்கலியா?”

மேற்பார்வையில் இருந்த எங்கள் ஆசிரியர் வந்தார். “ஒண்ணும் ஆவாதும்மா. இத குடிக்காம கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணவங்க யாரு இருக்காங்க? வேலையப் பாரு.”

“சார், கொழந்தைக்கு...” என்று ஆரம்பித்தேன். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே தாய்ப்பாலைப் பற்றி எப்படிக் கேட்பது?

“ஒண்ணுமில்ல சார்.”

புதிதாக எடுத்த கரைசலைச் சூடாக்கினேன். பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெளிர் சிவப்பு வந்து நின்றது. அளவை எழுதினேன். கை வேறு யாருடைய கையோ போல வேலை செய்தது. வெளியே வரும்போது, உப்புப் பகுப்பாய்வு அலமாரியிலிருந்து நீல லிட்மஸ் தாள் ஒன்றைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போக ஏறிய சின்னசேலம் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

“பஸ்ஸு போவாதும்மா, நடங்க,” என்றார் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர். “எங்க புள்ளைங்களும் காலேஜ் போவணும்னுதான் ரோட்டுல குந்திக்கினு இருக்கறோம்.”

தலையாட்டிவிட்டு நடந்தேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தது. புடவையை இழுத்து மூடிக்கொண்டேன். கரைசல் மிகவும் நீர்த்தது, விழுங்கியிருந்தாலும் சில துளிதான் என்று மனம் கணக்குப் போட்டது. அமில பாட்டிலின் சீட்டில் ‘நஞ்சு’ என்று எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது. சில துளி எனக்குக் குறைவு. அவனுக்கு?

வீட்டுக்கு முன்னால் மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார்.

“வந்தியா! கத்திக்கினே இருக்கறான். சக்கரத் தண்ணி குடுத்தா துப்பறான். புடி.”

“கை கழுவிக்கினு வந்துடறங்கத்த.”

“அந்தப் பாழாப்போன காலேஜில தண்ணி இல்லியா?”

குளிக்கும் தட்டி மறைப்புக்குள் போய்ப் பாலை உள்ளங்கையில் பீய்ச்சித் தாளை நனைத்தேன். அமிலம் என்றால் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. ஈரத்தில் நீலம் சற்றுக் கறுத்தது, அவ்வளவுதான். சில துளி அமிலத்தை இந்தத் தாள் காட்டுமா? வயிற்றுக்குள் போன அமிலம் அமிலமாகவே பாலில் வருமா? எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித் தரவில்லை. தாளைக் கொண்டுவந்ததே முட்டாள்தனமோ என்று தோன்றியது. வெளியே அவன் அழுதுகொண்டிருந்தான். குரல் கம்மிவிட்டிருந்தது.

போய் வாங்கிக்கொண்டேன். முகத்தை மார்பில் முட்டி, கவ்விக்கொண்டான். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பயமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

“அது இன்னா கையில, பரீச்ச சீட்டா?” என்றார் மாமியார்.

“ஆமாங்கத்த.”

அவன் ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கம் மாற்றினேன். தாள் கையில் காய்ந்துகொண்டிருந்தது. காயும்போது சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.